வயசாயிருச்சில்ல

மருதாயியை முதன்முதலில் கிழவியாக்கியது கஹவத்தை பஸ்ஸின் கண்டக்டர். சம்பளத்தன்று சாமான் வாங்கிக்கொண்டு ஏறியவளைப் பார்த்து, "ஆச்சி, இந்தகன்ன" என்று சொல்லி, உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளையை எழுப்பிவிட்டான். ஆச்சி என்றால் சிங்களத்தில் பாட்டி. உட்காருங்க பாட்டி என்று மரியாதையாகத்தான் சொன்னான். மருதாயிக்குச் சுர்ரென்றது. அப்போதெல்லாம் அவள் தேயிலைக் கொழுந்துக்கூடையோடு மலையில் பொடிப்பெண்களுக்குச் சரியாக ஏறிக்கொண்டிருந்தவள். உட்கார மாட்டேன் என்று வீம்புக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் வளைவிலேயே மரக்கறி மூட்டையோடு இருந்த ஒருவர் மடியில் போய் விழுந்தாள். அதற்குப் பிறகு உட்கார்ந்துதான் வந்தாள்.

அந்தச் சொல் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு யாரும் உரித்துவிட மாட்டார்கள். அறுபது முடிந்ததும் தோட்டத்து வேலைப் பதிவில் அவள் பேரை வெட்டினார்கள். கங்காணி "வயசானவங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். மருமகள் ஷாமிளா கோபம் வந்தால் மட்டும், அதுவும் குசினிக்குள் அடுப்படியில் நின்றுகொண்டு, "கெழவி" என்பாள். மகன் நிரோஷன், அவள் எதிரில் இருக்கும்போதே வேறு யாரிடமோ பேசுவது மாதிரி, "அம்மாவுக்கு வயசாயிருச்சில்ல" என்பான். இதில் எது மரியாதை, எது திட்டு, எது பாசம் என்று ஆரம்பத்தில் அவள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். இனி நீ சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பருப்பில் உப்புக் கூட என்று சொல்லி அதை யாரும் கேட்காவிட்டால் பரவாயில்லை. ஆனால் அந்த மழைக்காலத்தில் மருதாயி சொல்லிக்கொண்டிருந்தது உப்பைப் பற்றியல்ல. லயத்துக்குப் பின்னால் இருந்த மலையைப் பற்றி.

மேல் டிவிசன் லயம் வெள்ளைக்காரன் கட்டியது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு காம்பராக்கள், ஆறு குடும்பங்கள். பின்சுவரிலிருந்து நாலெட்டு வைத்தால் மலை நிமிர்ந்து நிற்கும். மேலே முழுக்க இறப்பர் மரங்கள். அந்தச் சரிவில், மரங்களுக்கு நடுவே, மண்ணில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஒரு காலத்தில் கவர்மெண்டிலிருந்து ஒரு ஐயா வந்து நாடா பிடித்து அளந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "மேக்க பரண எகக்" என்றார். இது பழசு என்று அர்த்தம். ஆனாலும் பெருமழை பெய்தால் எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். லயம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. நம் ஆட்களைக் குற்றம் சொல்லியும் பிரயோசனமில்லை. போன வருசம் மண்சரிவு எச்சரிக்கை வந்தது என்று எல்லாரும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்கள். மலை அசையவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ரெண்டு காம்பராவில் காஸ் சிலிண்டரைக் காணோம். இன்னொரு தடவை போவதற்கு யாருக்கு மனம் வரும்?

பழசு என்கிற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். வெடிப்பைப் பழசு என்றால், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். மனுஷியைப் பழசு என்றால், அவள் பயப்படுவதற்கு அர்த்தமே இல்லை என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் மருதாயி மாட்டிக்கொண்டாள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பால் வெட்டு இல்லை, கொழுந்து இல்லை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டும் கூப்பிடவில்லை. லயமே வீட்டுக்குள் கிடந்தது. கரண்டும் போய்விட்டது. அன்று காலையில் மருதாயி குசினிக் கதவைச் சாத்தப் போனாள். கதவு சாத்தவில்லை. நிலையே ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்ததுபோல் பட்டது.

"ஷாமிளா, இந்தக் கதவப் பாரேன். நேத்து நல்லாத்தான இருந்துச்சி?"

"மழைக்குப் பலகை ஊதியிருக்கும் மாமி. எப்பவும் ஊதுறதுதான."

"பலகை ஊதல. நெல சாஞ்சிருக்கு."

"ஒங்களுக்குக் கண்ணாடி மாத்தணும் மாமி" என்றாள் ஷாமிளா. அவள் கெட்டவள் இல்லை. ஈரத் துணியை எங்கே காயப்போடுவது என்கிற கவலையில் நின்றாள்.

மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி மாதிரி வந்தது. மழைத் தண்ணி அப்படித்தான் என்றார்கள். பின்சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய மாடு ஒன்று இருட்டில் நின்று அசை போடுவது மாதிரி. நின்றது. மறுபடி கேட்டது. மருதாயி மகனைப் போய் உலுக்கினாள். அவன் பாயில் கிடந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிரோஷா, சத்தம் கேக்குதுடா. மல பேசுது. எந்திரி, கீழ போயிருவோம்."

அவன் காதைக் கொடுத்தான். கொஞ்ச நேரம் பொறுமையாகத்தான் கேட்டான். "மழதாம்மா. தகரத்துல விழுகுது."

"தகரத்துச் சத்தம் எனக்குத் தெரியாதா? நான் பொறந்ததே இந்தக் காம்பராவுல."

"அம்மா, ஒனக்கு வயசாயிருச்சில்ல. காது அப்பிடித்தான் இரையும். போய்ப் படு."

அவள் போய்ப் படுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, செருப்பைப் போட்டபடியே முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தாள். மலை வந்து எல்லாரையும் மூடிவிடும் என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிட மோசமாக இன்னொரு பயமும் இருந்தது. ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ? காது இரைகிறதோ? கண் சாய்கிறதோ? எல்லாரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால், கடைசியில் அந்தச் சொல் உள்ளே புகுந்து நம்முடைய குரலிலேயே பேச ஆரம்பித்துவிடும். மருதாயிக்குள் அது பேச ஆரம்பித்திருந்தது.

பக்கத்துக் காம்பராவின் வாசலில் பழனியாண்டி உட்கார்ந்திருந்தார். லயத்திலேயே மூத்தவர். அவர் பேர் பாதிப்பேருக்கு மறந்துபோய், பெருசு என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாரியில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது, காதும் மந்தம் என்று பேர். சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போய் வருவார், அவ்வளவுதான். பேத்தி தனுஜாவின் குடும்பத்தோடு இருந்தார். வாய் மட்டும் ஓயாது.

"என்னா தாயி, செருப்ப மாட்டிக்கிட்டு பயணம் எங்க? கொழும்புக்கா?"

"மாமா, ஒங்களுக்கு எதாச்சும் கேக்குதா?"

பழனியாண்டி சிரிப்பை நிறுத்தினார். உள்ளே தனுஜா இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நேத்துலருந்து கேக்குது. கட்டில் வழியா வருது. முதுகுல தெரியிது."

"அப்ப சொல்ல வேண்டியதுதான மாமா!"

"செவிடன் காதுல சத்தம் கேக்குதுன்னா எவன் நம்புவான்? பேத்திகிட்ட சொன்னேன். கஞ்சி குடிச்சிட்டுப் படுன்னுச்சி." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு கெழடு சேந்தா ஒரு சாட்சியாகுமா?"

ஆகவில்லை. மருதாயி காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டினாள். பெருசுக்கும் கேட்கிறதாம் என்றாள். அதைக் கேட்டுத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். கடைசிக் காம்பராக்காரன் ஒருவன், "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு காது மெசின் வாங்கலாம்" என்றான். அவனுடைய மூன்று பிள்ளைகள் பின்சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. மருதாயிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள் என்று தெரியும்.

திரும்பி நடக்கையில்தான் அது தோன்றியது. கிழவி பேசினால் லயம் கேட்காது. ஆனால் கிழவி சாகக் கிடந்தால் லயம் வரும். அது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. யாராவது இழுத்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்று கேட்டால், சண்டைக்காரன்கூட சட்டையை மாட்டிக்கொண்டு வருவான். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் இல்லாமல் போனால் பிறகு ஆயுளுக்கும் பேச்சு வாங்க வேண்டும்.

யாரிடமும் சொல்லாமல் அவள் மழையில் இறங்கினாள்.

மாரியம்மன் கோயில் கீழே, ரோட்டோரம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பாறைமேல் இருந்தது. பூசாரி வேலுசாமி மண்டபத்தில் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தார். மருதாயி நேரே போய் அம்மன் முன்னால் தரையில் சாய்ந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பூசாரி... எனக்கு முடியல. எல்லாரையும் பாக்கணும். லயத்துல எல்லாரையும் வரச் சொல்லு."

"அய்யோ, என்னாம்மா! ஆஸ்பத்திரிக்கு..."

"ஆஸ்பத்திரி வேணாம். ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. எல்லாரையும் வரச் சொல்லு. புள்ளைங்களையும். ஒருத்தர் விடாம."

அவர் போனை எடுத்தார். "நிரோஷன் தம்பி, ஓடி வாங்க. ஒங்கம்மா கோயில்ல இழுத்துக்கிட்டு கெடக்குறாங்க..."

மருதாயி கண்ணை மூடிக்கொண்டாள். சாமி முன்னால் படுத்துக்கொண்டு பொய் சொல்கிறோமே என்று உடம்பு பதறியது. ஆத்தா, மலை வராட்டி என்னை எடுத்துக்க, பரவாயில்லை. வந்தால் எல்லாரையும் இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்துடு என்று வேண்டிக்கொண்டாள். வராவிட்டால் அவமானம், வந்தால் நாசம். எதற்கு வேண்டுவது என்றே தெரியவில்லை.

வந்தார்கள். முதலில் நிரோஷன், மூச்சு வாங்க, சட்டை பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு. "அம்மா, அம்மா" என்று அவன் சின்னப்பிள்ளையில் கூப்பிட்ட குரலில் கூப்பிட்டான். மருதாயிக்கு நெஞ்சு உண்மையிலேயே வலித்தது. பின்னால் ஷாமிளா அழுதுகொண்டு வந்தாள். பிறகு குடைகளும் பொலித்தீன் உறைகளுமாக லயம் இறங்கி வந்தது. கடைசிக் காம்பராக்காரன் மூன்று பிள்ளைகளையும் இடுப்பிலும் தோளிலும் சுமந்து வந்தான். மருதாயி இமைக்குக் கீழே கோடாகப் பார்த்து, குரல் குரலாக எண்ணிக்கொண்டிருந்தாள். இவர்கள் வந்தாச்சு. அவர்கள் வந்தாச்சு. தனுஜா வந்து கையைப் பிடித்தாள். அவள் புருசன் பின்னால் நின்றான். பயம் கொஞ்சம் இறங்கியது.

ஆனால் ஒரு குரலைக் காணோம். யார் சாகக் கிடந்தாலும் முன்னால் உட்கார்ந்து தேவாரத்தைத் தப்பும் தவறுமாகச் சத்தம் போட்டுப் பாடுகிற குரல்.

"தனுஜா" என்றாள் மருதாயி, கண்ணைத் திறக்காமல். "பெருசு எங்க?"

"தாத்தா தூங்குறாரு மாமி. நீங்க பேசாதீங்க. இந்த மழையில அவரத் தூக்கிக்கிட்டு எங்க வாறது? வயசானவரு. அவரு இருக்கட்டும்னு உட்டுட்டு வந்தோம்."

மருதாயி எழுந்து உட்கார்ந்தாள்.

யாரோ வீரிட்டார்கள். பூசாரி கையிலிருந்த விபூதித் தட்டைப் போட்டுவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "நான் சாகல. மல வருது. நீங்க யாரும் வர மாட்டீங்கன்னு பொய் சொன்னேன். பெருசத் தூக்கிட்டு வாங்க. ஓடுங்க!"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாமி முன்னாலேயா இந்த வேலை என்றார் பூசாரி. நனைந்த பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று ஒருத்தி கேட்டாள். நிரோஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்கு உண்மையிலேயே மூள கலங்கிருச்சாம்மா? வயசு போனா இப்பிடியா?" என்று கத்தினான். அந்த ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. அவன் ஒரு சாவை நம்பி ஓடி வந்தவன்.

மருதாயி எழுந்து வாசலைத் தாண்டி மழையில் ஓடினாள். முழங்கால் மடங்கி விழுந்தாள். மறுபடி எழுந்தாள். அவள் அப்படி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் நிரோஷனுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். "இரும்மா, நான் போறேன், நீ இரு!" என்று அவளைப் பிடித்து ஷாமிளா கையில் தள்ளிவிட்டு ஓடினான். தனுஜாவின் புருசனும் ஓடினான். இருவரும் பாலத்தைத் தாண்டி, பீலிக்கரை வளைவில் மறைந்தார்கள்.

சத்தம் அப்போதுதான் வந்தது. அது இடி மாதிரி இல்லை. லொறி நிறையக் கல்லை யாரோ கொட்டிக்கொண்டே இருப்பது மாதிரி, நிற்காமல் வந்தது. காலுக்குக் கீழே பாறை அதிர்ந்தது. மேலே இறப்பர் மரங்கள் நின்றபடியே நகர்ந்தன. அதை எல்லாரும் பார்த்தார்கள். மரங்கள் நிமிர்ந்து நின்றுகொண்டே கீழே வந்தன, பிறகு ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. லயத்தின் தகரக்கூரை ஒரு முறை தூக்கித் தெரிந்தது. பிறகு அங்கே மண்தான் இருந்தது. மண் வாசம் கோயில் வரைக்கும் வந்தது.

மருதாயி மகன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள். தனுஜா புருசன் பேரைச் சொல்லிக் கத்தினாள். வளைவில் முதலில் ஒரு உருவம் வந்தது, பின்னால் இன்னொன்று. தலையிலிருந்து கால் வரை சேறு. எது யார் என்று தெரியவில்லை. இருவரும் உயிரோடு வந்தார்கள். அவர்கள் கையில் யாரும் இல்லை.

ஆர்மிக்காரர்கள் வந்து தோண்டினார்கள். பழனியாண்டியை எடுத்தபோது அவர் கட்டிலில் இல்லை. இஸ்தோப்புக்கு வெளியே, படிக்குக் கீழே இருந்தார். கையில் குடை இருந்தது. தூங்கவில்லை. மருதாயி சாகக் கிடக்கிறாள் என்று யாரோ வாசலில் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கிறது. கிளம்பி வந்துகொண்டிருந்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் எல்லாரும் வந்து மருதாயியின் காலைத் தொட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். தெய்வம் என்றார்கள். காது மெசின் என்று கேலி செய்தவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் அவரை மறந்துவிட்டேன் என்கிற ஒன்றுதான் மருதாயிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் வருவார்கள் என்று கணக்குப் போட்டவள், நடக்க முடியாதவரை யார் தூக்குவார் என்று யோசிக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்ல வந்தார்கள்.

"அதுக்கு ஏன் மாமி இப்பிடி ஒடஞ்சி போறீங்க" என்றாள் தனுஜாவே, மூக்கைச் சிந்திக்கொண்டு. "தாத்தா ஆண்டு அனுபவிச்சவரு. வயசானவருதான."

"கல்யாணச் சாவும்மா பெருசுக்கு" என்றார் பூசாரி. "சின்னஞ்சிறுசுக எல்லாம் தப்பிச்சிச்சே, அதப் பாருங்க."

பக்கத்துக் கிராமத்திலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்த சிங்களப் பெண் விசயத்தைக் கேட்டுக் கண் கலங்கினாள். பிறகு மருதாயியின் தோளைத் தடவி, "வயசக கெனெக்னே, அம்மே" என்றாள். வயசான ஒருவர்தானே அம்மா, என்று. நல்ல மனுஷி. எல்லாருமே நல்ல மனுஷர்கள். அவ்வளவு நல்லவர்கள் அவ்வளவு அன்பாக அதைச் சொல்லச் சொல்ல, மலை இரைந்தபோது வராத ஒரு குளிர் மருதாயியின் முதுகில் ஏறியது. அந்தச் சொல்லுக்கு இதுதான் கடைசி அர்த்தமா? இத்தனை நாள் அதைக் காது சரியில்லை, கண் சரியில்லை என்பதாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். போனால் பரவாயில்லை என்பதும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் ஒரு உத்தியோகத்தர் மேசை போட்டு உட்கார்ந்தார். யார் யாருக்கு வீடு போனது என்று பதிய வேண்டும். நிரோஷன் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினான். பேரைக் கேட்டார். சொன்னாள்.

"அம்மாகே வயச கீயத?" என்றார் தலையைத் தூக்காமல். உங்களுக்கு வயசு எத்தனை?

மருதாயி மகனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஹதலிஹாய்" என்றாள். நாற்பது.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தையும், அவளைப் பிடித்துக்கொண்டு நின்ற, நாற்பதை எட்டப்போகிற மகனையும் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்ற லயத்து ஆட்களையும் பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"எழுதிக்கங்க சேர்" என்றான் நிரோஷன். "நாப்பதுதான்."